சகோதர அன்பின் நகரத்துக்கு ஒரு பாட்டு

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி

முன்னுரை

‘ராக்’ இசை என்ற பேச்சை எடுத்தாலே நம் வீட்டுப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். “அதுவும் ஒரு பாட்டா? வாளியையும் தாம்பாளத்தையும் மாடிப்படியில் உருட்டிவிட்ட சத்தம்!” என்பது என் தாத்தாவின் தீர்ப்பு. ராக் இசையில் உரத்த ஓசை உண்டு என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த உரத்த இசையினாலேயே உலகப் புகழ் பெற்ற ஒருவர், ஒரு திரைப்படத்துக்கு முகப்புப் பாடல் எழுத வேண்டி வந்தபோது, தம் குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தினார். அந்தத் தாழ்ந்த குரல்தான் உலகம் முழுவதும் கேட்டது.

அவர் பெயர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். அமெரிக்கர். படம் 1993-இல் வெளிவந்த ‘ஃபிலடெல்ஃபியா’. பாட்டின் பெயர் ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ஃபிலடெல்ஃபியா’, அதாவது ‘ஃபிலடெல்ஃபியாவின் தெருக்கள்’. ஒரு கலைஞர் இருபது ஆண்டுகளில் கற்ற பாடம் எப்படி ஒரு சிறு பாட்டில் வந்து சேர்ந்தது என்பதையும், ஒரு படத்தின் வாசலில் நின்று ஒரு பாட்டு என்ன வேலை செய்யும் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

இளமையும் இசையும்

ஸ்பிரிங்ஸ்டீன் 1949 செப்டம்பர் 23 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். ஃபிரீஹோல்ட் என்னும் சிறிய ஊரில் வளர்ந்தார். தந்தை தொழிற்சாலை வேலை, பேருந்து ஓட்டுதல் என்று மாறி மாறிப் பல வேலைகள் பார்த்தவர். இடையிடையே வேலையின்றியும் இருந்தவர். தாயார் அடெல் வழக்கறிஞர் அலுவலகத்தில் செயலாளர். அந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் நிமிர்ந்து நின்றது.

ஏழு வயதில் தொலைக்காட்சியில் எல்விஸ் பிரஸ்லி பாடுவதைச் சிறுவன் புரூஸ் பார்த்தான். அன்றே கித்தார் ஆசை பிறந்துவிட்டது. பின்னர்ப் பதின் வயதில் அவன் ஆசையைத் தீர்க்கத் தாயார் கடன் வாங்கி 60 டாலருக்கு ஒரு கித்தார் வாங்கிக் கொடுத்தார். பிற்காலத்தில் அந்தத் தாயைப் பற்றியே அவர் ஒரு பாட்டு எழுதினார். மகனின் கையில் கித்தாரைப் பார்த்தவுடன், “இது சோறு போடுமா?” என்று கேட்காத தாய் கிடைப்பது பெரிய பேறு அல்லவா!

படிப்பு எட்டாம் வகுப்பு வரை கத்தோலிக்கப் பள்ளியில். அங்கே தாம் அடங்காத மாணவராக இருந்ததையும், சகோதரிகளோடு ஒத்துப்போகாததையும் அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். (நம் சகோதரிகள் பொறுத்தருள்க!) ஆனாலும் பாவம், மீட்பு, இரக்கம் என்று அங்கே கேட்ட சொற்கள் அவரை விட்டு அகலவில்லை. அவருடைய பாடல்களில் அவை கடைசி வரை வந்துகொண்டேயிருக்கின்றன.

ஏறுமுகமும் அதில் கற்ற பாடமும்

1972-இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. 1973-இல் இரண்டு இசைத்தட்டுகள் வந்தன, விமரிசகர்கள் புகழ்ந்தார்கள், விற்பனைதான் இல்லை. மூன்றாவதும் தோற்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான் என்ற நிலை. அந்த மூன்றாவது தட்டின் தலைப்புப் பாடலான ‘பார்ன் டு ரன்’ என்பதற்கு மட்டும் ஆறு மாதம் உழைத்தார். 1975 ஆகஸ்டில் தட்டு வெளிவந்தது. அக்டோபரில் ‘டைம்’, ‘நியூஸ்வீக்’ ஆகிய இரண்டு பெரிய வார இதழ்களும் ஒரே வாரத்தில் அவர் படத்தை அட்டையில் போட்டன.

அவருடைய வாழ்வில் இரண்டு தட்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நம் கட்டுரைக்கு வேண்டிய பாடம் கிடைக்கும்.

முதலாவது, 1982-இல் வந்த ‘நெப்ராஸ்கா’. வீட்டு அறையில் உட்கார்ந்து, ஒரு சிறிய நான்கு தடக் காசெட் கருவியில், பெரும்பாலும் தம் குரலையும் கித்தாரையும் வாய் இசைக்கருவியையும் மட்டும் கொண்டு பதிவு செய்த பாடல்கள் அவை. பிறகு குழுவினரோடு முறையாகப் பதிவு செய்வதற்கான மாதிரியாகத்தான் அவற்றைப் பாடினார். ஆனால் முழுக் குழுவும் சேர்ந்து வாசித்தபோது பாட்டின் உயிர் போய்விட்டது. கடைசியில் அந்தக் காசெட்டையே இசைத்தட்டாக வெளியிட்டார்கள். வேலை இழந்தவர்களும் வழி தவறியவர்களும் தங்கள் கதையைத் தாங்களே சொல்வதுபோன்ற பாடல்கள் அவை.

இரண்டாவது, 1984-இல் வந்த ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ இது நேர்மாறு. முரசு முழங்கும் இசை. அதிலிருந்து ஏழு பாடல்கள் அமெரிக்காவின் முதல் பத்து இடங்களுக்குள் வந்தன. தலைப்புப் பாட்டு, வியட்நாம் போரிலிருந்து திரும்பி வேலை கிடைக்காமல் அலையும் ஒரு படைவீரனின் துயரக் குரல். ஆனால் இசையின் முழக்கத்தில் துயரம் பலர் காதில் விழவில்லை. அதை வெறும் வெற்றி முழக்கமாகவே எண்ணிக் கைதட்டியவர்கள் ஏராளம். அதே ஆண்டு செப்டம்பரில் அதிபர் ரீகன்கூடத் தம் தேர்தல் கூட்டத்தில் ஸ்பிரிங்ஸ்டீனின் பாடல்கள் தரும் நம்பிக்கையைப் புகழ்ந்து பேசினார்!

ஆகவே தோழியரே, ஓசை பெருத்தால் கூட்டம் கூடும், ஆனால் பொருள் மறைந்து போகவும் கூடும். ஓசை சுருங்கினால் கேட்பவர்கள் நெருங்கி வந்து காது கொடுப்பார்கள். இரண்டையும் அவர் அனுபவத்தில் கண்டவர்.

இடையில் ஒரு செய்தி. 1988-இல் மனித உரிமைகளுக்காக ஆம்னெஸ்டி அமைப்பு நடத்திய உலக இசைப் பயணத்தில் அவரும் இருந்தார். அந்தக் குழு செப்டம்பர் 30 அன்று புது டெல்லி ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கிலும் பாடியது.

படமும் அதன் காலமும்

இனிப் படத்துக்கு வருவோம். எய்ட்ஸ் நோயைப் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை 1981 ஜூனில் அமெரிக்காவில் வெளிவந்தது. அதன் கிருமி 1983-இல் கண்டறியப்பட்டது. கைகுலுக்குவதாலோ, பக்கத்தில் அமர்வதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ அது ஒட்டாது. மருத்துவர்கள் அதைப் பலமுறை எடுத்துச் சொல்லியும் மக்களின் பயம் தீரவில்லை. நோயாளிகள் வேலையிழந்தார்கள், வீடிழந்தார்கள், குழந்தைகள் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டார்கள்.

இந்தச் சூழலில்தான் இயக்குநர் ஜொனாதன் டெமி ‘ஃபிலடெல்ஃபியா’ படத்தை எடுத்தார். ஆண்ட்ரூ பெக்கெட் என்னும் திறமையான வழக்கறிஞருக்கு எய்ட்ஸ். அவர் தன்பால் ஈர்ப்புடையவரும்கூட. நிறுவனத்தார் ஏதோ ஒரு கோப்பு காணாமல் போனதைச் சாக்காக வைத்து அவரை வேலையிலிருந்து நீக்குகிறார்கள். அவருக்காக வாதாட யாரும் முன்வரவில்லை. ஜோ மில்லர் என்ற கறுப்பின வழக்கறிஞரும் முதலில் மறுக்கிறார். அவர் மனத்திலும் வெறுப்பும் பயமும் இருக்கின்றன. பெக்கெட்டோடு கைகுலுக்கிய பயத்தில் மருத்துவரிடமே ஓடுகிறார்! பின்பு ஒரு நாள் நூலகத்தில், ‘தனி அறைக்குப் போகலாமே’ என்று பெக்கெட்டை நாசூக்காக ஒதுக்கப் பார்ப்பதை மில்லர் காண்கிறார். தாமும் நிறத்தால் ஒதுக்கப்படும் இனத்தில் பிறந்தவர் அல்லவா? எழுந்து வந்து அவர் எதிரில் அமர்கிறார். வழக்கை எடுத்துக்கொள்கிறார். டாம் ஹாங்க்ஸ் பெக்கெட்டாகவும், டென்சல் வாஷிங்டன் மில்லராகவும் நடித்தார்கள்.

ஊரின் பெயரையும் கவனியுங்கள். ஃபிலடெல்ஃபியா என்பது கிரேக்கச் சொல். ‘சகோதர அன்பு’ என்பது பொருள். திருவெளிப்பாடு நூலில் வரும் ஏழு திருச்சபைகளில் ஒன்று இப்பெயருடைய ஊரில் இருந்ததை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். வில்லியம் பென் என்பவர் 1682-இல் அமெரிக்காவில் ஒரு நகரை நிறுவியபோது இப்பெயரைச் சூட்டினார். சகோதர அன்பின் பெயர் தாங்கிய ஊரின் தெருவிலே ஒரு நோயாளிக்குச் சகோதரர் யாரும் இல்லை. படத்தின் பொருள் முழுவதும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

பாட்டு பிறந்த கதை

நம் திரைப்படங்களில் கதை நெடுகப் பல பாடல்கள் வரும். ஹாலிவுட்டில் இசை நாடகப் படங்களைத் தவிர மற்றவற்றில் நடிகர்கள் பாடுவது அரிது. படத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ ஒலிக்கும் ஒன்றிரண்டு பாடல்களே அந்தப் படத்தின் உணர்வு முழுவதையும் சுமக்க வேண்டும்.

எய்ட்ஸ் பற்றிய படம் என்றால் பலர் ஒதுங்கிப் போவார்கள் என்று டெமிக்குத் தெரியும். அப்படி ஒதுங்குகிற சாதாரண இளைஞர்களையும் உள்ளே அழைத்துவர, படத்தின் வாசலிலேயே ஒரு வலுவான ராக் பாட்டு வேண்டும் என்று நினைத்தார். முதலில் நீல் யங் என்ற புகழ்பெற்ற ராக் கலைஞரைக் கேட்டார். அவரோ உள்ளம் உருக்கும் ஒரு மென்மையான பாட்டை அனுப்பிவிட்டார். அது மிக நன்றாக இருந்ததால் படத்தின் முடிவில் வைத்துக்கொண்டார். வாசலுக்கான பாட்டு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. எனவே ஸ்பிரிங்ஸ்டீனைக் கேட்டார்.

ஸ்பிரிங்ஸ்டீனிடம், நண்பர் ஒருவரின் மரணத்தை நினைத்து அரைகுறையாக எழுதி வைத்த சில வரிகள் இருந்தன. அவற்றுக்கு ராக் இசை பொருத்திப் பார்த்தார். ஓரிரு நாள் முயன்றும் வரிகள் அந்த இசைக்குள் உட்கார மறுத்தன. அப்போது அவர் வரிகளை மாற்றவில்லை, இசையை மாற்றினார். தாள இயந்திரத்தில் ஓர் எளிய தாளத்தை அமைத்து, அதன் வேகத்தைக் குறைத்தார். சின்தசைசரில் சில எளிய மைனர் கார்டுகளைப் பிடித்தார். (நம் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவர்களுக்கு மைனர் கார்டின் சோகச் சாயல் தெரியும்.) உடனே வரிகள் தாமாகவே இடம் தேடி அமர்ந்துகொண்டன. சில மணி நேரத்தில் பாட்டு முடிந்தது.

வீட்டில் பதிவு செய்த அந்த நாடாவை, ‘கேட்டதைக் கொடுக்கவில்லையே’ என்ற குறையோடுதான் அனுப்பி வைத்தார். சில நாள் கழித்து டெமி தொலைபேசியில் அழைத்து, இதுதான் வேண்டும் என்றார். முழக்கம் கேட்ட இயக்குநருக்கு இரண்டு கலைஞர்களும் மென்மையையே கொடுத்தார்கள். அவரும் தம் எண்ணத்தைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிராமல் ஏற்றுக்கொண்டார். அந்தப் பெருமையில் அவருக்கும் பங்கு உண்டு.

பாட்டு செய்யும் வேலை

படம் தொடங்குகிறது. நகரின் தெருக்களும், அவற்றில் நடமாடும் சாதாரண மக்களும் திரையில் வருகிறார்கள். கதைமாந்தர் யாரும் இன்னும் வரவில்லை. பாட்டு மட்டும் ஒலிக்கிறது. இந்தப் பாட்டிலிருந்து நாம் நான்கு செய்திகளைக் கற்றுக்கொள்ளலாம்.

முதலாவதாக, பாடுவது யார் என்ற முடிவு. ‘ஐயோ பாவம், நோயாளிகள்’ என்று கரையில் நின்று பார்ப்பவர் பாடவில்லை. நோயாளியே பாடுகிறார். ‘அவர்’ என்ற சொல் ‘நான்’ என்று மாறிவிட்டால் பாட்டு முழுவதும் மாறிவிடுகிறது. நோயால் உருமாறித் தம் முகமே தமக்கு அடையாளம் தெரியாமல் போனவரின் குரல் அது.

இரண்டாவதாக, பாட்டு கதையைச் சொல்வதில்லை. வழக்கறிஞர், நீதிமன்றம், வழக்கு என்று எதுவும் அதில் இல்லை. நோயின் பெயர்கூட இல்லை. கதை சொல்வது படத்தின் வேலை. அந்தக் கதையைக் கேட்கும் மனத்தை ஆயத்தம் செய்வது பாட்டின் வேலை. உழவன் விதைக்கும் முன் மண்ணைப் பதப்படுத்துவது போல என்று சொல்லலாம்.

மூன்றாவதாக, நடையும் தாளமும் ஒன்றாக இருத்தல். அந்தத் தாளம் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. களைத்துப் போன ஒருவர் நிற்காமல் மெல்ல நடந்துகொண்டே இருப்பதுபோல ஒரே சீராகப் போகிறது. பாட்டுக்காக எடுத்த காட்சிப் படத்திலும் ஸ்பிரிங்ஸ்டீன் அந்நகரத் தெருக்களில் நடந்துகொண்டே பாடுகிறார். உதட்டசைவு மட்டும் போதாதென்று, மறைத்து வைத்த ஒலிவாங்கியில் அவர் நடக்கும்போது பாடிய குரலையே பதிவு செய்தார்கள்.

நான்காவதாக, கேட்பவருக்கு ஓர் இடம். பாட்டிலே நோயாளி ஒரு சகோதரரை அழைத்துக் கேட்கிறார். அந்தச் சகோதரர் யார் என்று சொல்லவில்லை. பதிலும் இல்லை. அரங்கில் அமர்ந்திருப்பவர் ‘என்னைத்தான் கேட்கிறாரோ?’ என்று எண்ண வேண்டியிருக்கிறது. ஊரின் பெயருக்குப் பொருள் தேடுவது அப்போது கேட்பவரின் பொறுப்பாகிவிடுகிறது.

1994 மார்ச் 21 அன்று நடந்த ஆஸ்கார் விழாவில் இப்பாட்டு சிறந்த பாடலுக்கான விருதைப் பெற்றது. அதே பரிசுக்கு நீல் யங்கின் பாட்டும் போட்டியில் இருந்தது. டாம் ஹாங்க்ஸுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. மறு ஆண்டு கிராமி விருதுகளில் நான்கு இப்பாட்டுக்கே வந்தன.

நம் ஊரும் அந்த நோயும்

இது எங்கோ அமெரிக்காவில் நடந்த கதை என்று எண்ணிவிட வேண்டாம். இந்தியாவில் இக்கிருமி இருப்பது முதன்முதலில் 1986-இல் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும், அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் சேர்ந்து இரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்து இதைக் கண்டறிந்தார்கள். ‘நம் நாட்டில் இந்த நோய் வராது’ என்று பலர் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 1993-இல், அதாவது படம் வெளிவந்த அதே ஆண்டில், டாக்டர் சுனிதி இந்நோயாளிகளுக்காகவே சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் மையத்தைத் தொடங்கினார். பலர் தொட அஞ்சிய நோயாளிகளைத் தொட்டுப் பேசினார். 2015-இல் அவர் மறைந்தார். 2017-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அன்னை தெரசா 1985-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்தைய நாளில் நியூயார்க் நகரில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கென ஓர் இல்லம் திறந்ததையும் இங்கே நினைவுகூர்வோம். 1996 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின், முறையாக மருந்து உண்பவர்கள் நெடுநாள் நலமாக வாழ முடிகிறது.

மருந்து வந்துவிட்டது, பயம் போய்விட்டதா? 2020-இல் கொரோனா பரவியபோது எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். அந்த வீட்டுக்காரர்கள் செய்த குற்றம் காய்ச்சல் வந்ததுதான். தொற்று நோய்க்கு விலகி நிற்பது அவசியம் என்பதை நான் அறிவேன். ஆனால் தெருவே அவர்கள் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டு, ‘அந்த வீடு’ என்று சொல்லத் தொடங்கியது. எதிர்வீட்டுப் பாட்டி மட்டும் தினமும் மாலையில் மொட்டை மாடியில் நின்று, அவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டு, “சாப்பிட்டாச்சா? ஜுரம் விட்டுச்சா?” என்று கேட்பார். பாட்டியின் குரலில் சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. ஆனால் ஸ்பிரிங்ஸ்டீனின் பாட்டில் வரும் நோயாளி கேட்கும் கேள்விக்கு அதுதான் சரியான பதில் என்று எனக்குத் தோன்றுகிறது.

பின்னாளில்

ஸ்பிரிங்ஸ்டீன் அதோடு நின்றுவிடவில்லை. 1995-இல் வந்த ‘டெட் மேன் வாக்கிங்’ என்ற படத்துக்கும் பாட்டு எழுதினார். மரண தண்டனைக்கு எதிராகப் பாடுபடும் கத்தோலிக்க அருட்சகோதரி ஹெலன் பிரஜான் அவர்களின் அனுபவத்தைச் சொல்லும் படம் அது. அங்கேயும் மரண தண்டனை பெற்ற கைதியின் குரலிலேயே பாடினார். அப்பாட்டும் ஆஸ்கார் பரிந்துரை பெற்றது. சகோதரிகளோடு ஒத்துப்போகாத சிறுவன் ஒரு சகோதரியின் படத்துக்கே பாட்டு எழுதினான் என்பதில் நமக்கெல்லாம் ஒரு சிறு மகிழ்ச்சி! 2016-இல் அதிபர் ஒபாமா அவருக்கு அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கத்தை அளித்தார்.

முடிவுரை

ஒரு பாட்டு நோயைக் குணமாக்காது, சட்டத்தையும் மாற்றாது. ஆனால் மருத்துவர்கள் பல ஆண்டுகள் எடுத்துச் சொல்லியும் இளகாத மனங்களில் சிலவாவது, இருண்ட அரங்கில் ஒரு தாழ்ந்த குரலைக் கேட்டு இளகியிருக்கும் என்று நம்புகிறேன். வெறுப்பவரிடம் போய் உரக்க வாதாடினால் அவரும் உரக்கப் பதில் சொல்வார். துன்பப்படுபவரின் குரலையே மெல்லக் கேட்கச் செய்தால் அவருக்குப் பதில் சொல்ல வாய் வராது.

ஆண்டு விழாவுக்கும், நோயாளர் தினத்துக்கும் நாமும் பாட்டு எழுதுகிறோம். ‘ஏழைகளே, அழாதீர்கள்’ என்றும், ‘நோயாளிகளே, வருந்தாதீர்கள்’ என்றும் அறிவுரை சொல்லியே எழுதிப் பழகிவிட்டோம். தோழியரே, அடுத்த முறை பேனாவை எடுக்குமுன் அரசு மருத்துவமனைக்கோ முதியோர் இல்லத்துக்கோ ஒருமுறை சென்று, அங்கே இருப்பவர் ஒருவரின் அருகில் அமர்ந்து அவர் பேசுவதைக் கேட்டு வருவோம். பாட்டு அதன் பிறகு பிறக்கட்டும். ஒருவேளை பாட்டு பிறக்காமலே போனாலும், போய் அமர்ந்தது வீணாகாது.